ஒரு பழைய முற்றமும் எங்கட ஒழுங்கையும்



இந்தச் சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று மலர்க்குழு அண்ணை ஒருவர் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் எழுத்தாளனும் இல்லை, சரித்திரம் படித்தவனும் இல்லை. 2007இல் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதியதோடு என் படிப்பு முடிந்தது. இப்போது பேர்மிங்ஹாம் பக்கத்தில் கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் மெசினில் நிற்கிறேன். "நீர் இருக்கிற ஊரைப் பற்றியாவது எழுதுமன்" என்றார் அண்ணை. சரி என்று எழுதத் தொடங்கினேன். இருக்கிற ஊரில் தொடங்கிய கட்டுரை விட்டுவந்த ஊரில் போய் நிற்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னோடு ஒரே வரிசையில் வேலை செய்கிற வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெறுவதற்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். இரவு வேலையில் தேத்தண்ணி இடைவேளைக்கு நாங்கள் எல்லோரும் ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு கொப்பியையும் சில போட்டோப் பிரதிகளையும் விரித்து வைத்துக்கொண்டு இருப்பார். என்ன அது என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ர பூட்டன் இருந்த வீட்டைத் தேடுறன்" என்றார்.

காணிப் பிரச்சினையாக்கும் என்று நினைத்தேன். எங்கட ஆட்களுக்கு முதலில் அந்த நினைப்புத்தானே வரும். ஆனால் அவர் தேடியது காணி இல்லை. அவருடைய பூட்டனுக்கு இந்த நகரத்தில் ஒரு சாண் நிலமும் சொந்தமாக இருந்ததில்லை.

பேர்மிங்ஹாமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1801இல் இந்த நாட்டில் முதல் குடிசன மதிப்பு எடுத்தபோது இங்கே ஏறக்குறைய 74,000 பேர்தான் இருந்தார்கள். 1901இல் அது 5 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆயிரம் தொழில்களின் நகரம் என்று இதற்குப் பட்டப்பெயர். மன்செஸ்ரர் மாதிரிப் பெரிய பஞ்சாலைகள் இங்கே இல்லை. தெருவுக்குத் தெரு சிறிய பட்டறைகள். பொத்தான், பூட்டு, துவக்கு, பித்தளைச் சாமான், நகை என்று செய்தார்கள். மைக்கூட்டில் தொட்டு எழுதுகிற உருக்கு நிப்பும் இங்கே கோடிக்கணக்கில் செய்து உலகம் முழுவதும் அனுப்பினார்கள். அந்த நிப்புகளை அழுத்தி வெட்டியவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். எங்கட பாட்டன்மார் பள்ளிக்கூடத்தில் தொட்டு எழுதிய நிப்பும் இந்த ஊர்ப் பெண் ஒருத்தியின் கைபட்டதாக இருந்திருக்கலாம்.

வேலைக்கு வந்த சனத்துக்கு வீடு வேண்டும். குறைந்த நிலத்தில் கூடிய வீடு கட்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதை பாக்-ரு-பாக் என்பார்கள். அதாவது முதுகோடு முதுகு ஒட்டிய வீடு. ஒரே பின்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. ஒன்று வீதியைப் பார்க்கும், மற்றது உள்முற்றத்தைப் பார்க்கும். பின்கதவும் இல்லை, பின்யன்னலும் இல்லை. ஒரு தட்டுக்கு ஒரு அறையாக மூன்று தட்டு. முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவாகச் சில கக்கூசுகளும் உடுப்புத் தோய்க்கிற ஒரு கொட்டிலும். தோய்க்கிறதுக்கு வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்திருப்பார்கள். முற்றங்களுக்கு இலக்கம் உண்டு. உள்ளே இருக்கிற வீட்டுக்கு விலாசம், இத்தனையாம் இலக்கத்தின் பின்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு என்று போகும். புதிதாக இப்படி வீடு கட்டுவதை நகரசபை 1876இல் தடை செய்தது. ஆனால் கட்டினது கட்டினதுதானே. முதலாம் உலக யுத்தம் தொடங்குகிற நேரத்திலும் 43,000க்கு மேற்பட்ட இந்த மாதிரி வீடுகள் இருந்தன. ஏறக்குறைய 200,000 சனம் அவற்றில் சீவித்தது.

இப்போது வேலைத்தல நண்பருடைய பேப்பருக்கு வருவோம். அது 1881 சித்திரை 3ஆம் திகதி எடுத்த குடிசன மதிப்பின் ஒரு பக்கம். ஹேர்ஸ்ட் வீதிப் பக்கத்தில் ஒரு முற்றத்து வீடு. வரி வரியாகப் பெயர், வீட்டுத் தலைவருக்கு என்ன முறை, கலியாணம் முடித்தவரா, வயது, தொழில், பிறந்த இடம். முதல் வரியில் ஒரு விதவைத் தாய், பித்தளை மினுக்குகிறவர். அடுத்தது மகள், வயது 17, பொத்தான் செய்கிறவர். அதற்குக் கீழே இரண்டு சிறு பெடியன்கள். கடைசி வரியில் ஓர் இளம் ஆண், வயது 22, கூலித் தொழிலாளி, முறை என்ற இடத்தில் "வாடகைக்கு இருப்பவர்".

நண்பர் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். "இவர்தான் என்ர பூட்டன். மூன்று வருசம் கழிச்சு அந்தப் பொத்தான் செய்யிற பெட்டையைக் கட்டினவர்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார். "அந்தத் தாய் அண்டைக்கு, இவன் எங்கட குடும்பம் இல்லையே, ஏன் எழுதுவான் எண்டு விட்டிருந்தா எனக்கு இந்த ஆள் எங்க இருந்து வந்தவர் எண்டே தெரியாமல் போயிருக்கும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அந்தக் கதை வயிற்றுக்குள் என்னவோ செய்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வரியில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல். அயர்லாந்து. எந்த மாவட்டம், எந்த ஊர், ஒன்றும் இல்லை. 1881இல் இங்கிலாந்தில் பிறந்தவர்களிடம்தான் ஊர்ப்பெயர் கேட்டார்கள். அயர்லாந்தில் பிறந்தவர்கள் நாட்டின் பெயரைச் சொன்னால் போதும். 1840களின் பிற்பகுதியில் அங்கே உருளைக்கிழங்கு அழுகிப் பெரிய பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கானோர் செத்தார்கள், இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு ஓடினார்கள். பேர்மிங்ஹாமுக்கும் பெருந்தொகையாக வந்தார்கள். அவர்களை இங்கே ஒருவரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. 1867இல் இதே நகரத்தில் பார்க் வீதியில் அயர்லாந்துச் சனத்தின் வீடுகளை ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. அப்படிப்பட்ட ஊருக்குப் பிழைக்க வந்த பெடியன், எந்த ஊர் என்று கேட்டாலும் சொல்லியிருப்பானோ தெரியாது.

1911இல் எடுத்த மதிப்பில் வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிய படிவத்தையே பார்க்கலாம். அதற்கு முந்திய வருடங்களில் மிஞ்சியிருப்பது கணக்கெடுக்க வந்தவர் பார்த்து எழுதிய புத்தகங்கள்தான். நண்பர் அந்த 1911 படிவத்தையும் எடுத்து வைத்திருக்கிறார். பூட்டனுடைய கோணல் எழுத்து. அந்த வருடம் ஒரு புதுக் கேள்வி இருந்தது. கலியாணம் முடித்த பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை செத்தது என்று எழுதவேண்டும். பூட்டன் எழுதியிருக்கிறார்: 9, 5, 4. வேறு ஒரு சொல்லும் இல்லை. அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் தேத்தண்ணி குடிக்கவில்லை.

அதே படிவத்தில் அயர்லாந்தில் பிறந்தவர்களும் மாவட்டத்தையும் ஊரையும் எழுதவேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. பூட்டன் திரும்பவும் அயர்லாந்து என்று மட்டும் எழுதிவிட்டு விட்டுவிட்டார். பயமோ, வெட்கமோ, ஆர் இதைப் பார்க்கப்போகினம் என்ற நினைப்போ. மற்றப் பக்கத்தில் இருந்து தேடலாம் என்றால் அங்கேயும் வழியில்லை. அயர்லாந்தின் பழைய குடிசன மதிப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1922 ஆனி 30ஆம் திகதி டப்ளினில் சண்டையில் எரிந்த ஆவணக் காப்பகத்தோடு சாம்பலாகிவிட்டது. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசாங்கமே அதற்கு முன்னர் அழித்திருந்தது. பூட்டன் ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் நண்பருக்கு ஒரு ஊர் கிடைத்திருக்கும்.

டப்ளின் ஆவணங்கள் எரிந்த கதையை அவர் சொன்னபோது, 1981இல் எரிந்த எங்கட யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றி நான் சொன்னேன். 97,000 புத்தகங்கள், ஓலைச்சுவடிகள். அவர் கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பூட்டன் இருந்த முற்றத்தை இடித்துக் கனகாலம். ஆனால் ஒரே ஒரு முற்றம் இன்றைக்கும் நிற்கிறது. ஹேர்ஸ்ட் வீதியும் இஞ்ச் வீதியும் சந்திக்கிற மூலையில், ஹிப்போட்ரோம் நாடக அரங்குக்குப் பக்கத்தில், 15ஆம் இலக்க முற்றம். சுற்றிவர இப்போது சீனச் சாப்பாட்டுக் கடைகள். 1802இல் தொடங்கி 1831 அளவில் கட்டி முடித்த 11 வீடுகள். 1960களில் ஆட்கள் குடியிருக்கத் தகாது என்று தீர்த்துவிட்டார்கள். வீதியோரத்துக் கடைகள் தொடர்ந்து நடந்தபடியால்தான் கட்டடம் தப்பியது. பிறகு திருத்தி எடுத்து 2004இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் மகளும் நண்பரோடு போய்ப் பார்த்தோம்.

ஒவ்வொரு வீட்டையும் அங்கே உண்மையாக இருந்த ஒரு குடும்பத்தின் காலத்துக்கு ஏற்றபடி வைத்திருக்கிறார்கள். ஒன்று 1840களில் இருந்த லெவி என்ற யூதக் குடும்பம். மணிக்கூட்டுக்குக் கம்பி செய்தவர்கள். இன்னொன்று ஓல்ட்பீல்ட் குடும்பம். மனிதருக்கும் பொம்மைக்கும் கண்ணாடிக் கண் செய்தவர்கள். மற்றது தலைமுறை தலைமுறையாகப் பூட்டுத் தொழில் செய்த மிச்செல் குடும்பம். படியோ ஏணி மாதிரி. மேலே ஏறினால் தலை முட்டும். ஒரே கட்டிலில் தலைமாட்டில் இரண்டு, கால்மாட்டில் இரண்டு என்று பிள்ளைகள் படுத்தார்கள். மகள் அதைப் பார்த்துவிட்டு "பாவம்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 2010இல் நான் வந்து இறங்கிய வீட்டில் ஒரு அறைக்குள் ஆறு பேர் படுத்தோம். இரவு வேலைக்காரர் எழும்பப் பகல் வேலைக்காரர் படுப்பார்.

கடைசியாகக் காட்டினது ஒரு தையற்கடை. அதன் சொந்தக்காரர் ஜோர்ஜ் சோண்டர்ஸ். கரிபியன் கடலில் இருக்கிற சென் கிற்ஸ் தீவில் இருந்து 1950களில் வந்தவர். 1970களில் இருந்து இந்த மூலையில் கடை வைத்துக் கோட்டும் காற்சட்டையும் தைத்தவர். வயது போய்க் கடையை மூடியபோது தையல் மெசின், அளவுநாடா, வெட்டித் தைக்காத துணி என்று எல்லாவற்றையும் நூதனசாலைக்கே விட்டுக்கொடுத்தார். அதனால்தான் 200 வருடச் சரித்திரத்தில் யூதருக்கும் ஆங்கிலேயருக்கும் பக்கத்தில் ஒரு கறுப்பு மனிதரின் கடையும் இருக்கிறது. விட்டுவைத்தவனுக்குத்தான் வீதியில் இடம் என்று எனக்கு அப்போது விளங்கியது.

இனி நான் சொல்லவேண்டிய விசயத்தைச் சொல்கிறேன்.

இந்த நாட்டுக் குடிசன மதிப்பு 100 வருடத்துக்குப் பூட்டி வைக்கப்படும். 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022 தையில்தான் திறக்கப்பட்டன. 1931இல் எடுத்தது 1942இல் தீப்பிடித்து அழிந்தது. 1941இல் யுத்தம் என்று எடுக்கவேயில்லை. ஆகவே அடுத்த மதிப்பைத் திறப்பது 2050களில்தான். நானும் நீங்களும் 2021 பங்குனி 21ஆம் திகதி நிரப்பிக் கொடுத்தது 2122இல் திறக்கும். அன்றைக்கு எங்கட பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் எங்கட வீட்டு வரிகளை வாசிப்பார்கள். என் வீட்டில் மூன்று பேர் என்று இருக்கும். நான், மனைவி, மகள்.

அது பொய். அன்று எங்கள் வீட்டில் நான்கு பேர். மேல் அறையில் ஒரு தம்பி வாடகைக்கு இருந்தார். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்ப மனுப் போட்டுவிட்டு இருந்தவர். நான் படிவத்தைத் திறந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அண்ணை, என்ர பேரைப் போடாதேங்கோ" என்றார். விபரங்களை வேறு எந்த இலாகாவுக்கும் கொடுக்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் அதை வாசித்தேன். அவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் முகம் மாறவில்லை. நான் போடவில்லை.

அவரைப் பிழை சொல்லமாட்டேன். 1983 ஆடியில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அரசாங்கக் கடதாசியில் பெயர் இருப்பது ஆபத்து என்பது எங்களுக்கு அனுபவம். ஆனால் அந்த 1881 பக்கத்தின் கடைசி வரியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்தத் தம்பியின் நினைப்புத்தான். 2022இல் வேற ஊருக்கு வேலைக்கு என்று போனார். கொஞ்ச நாளில் ரெலிபோன் இலக்கமும் மாறிவிட்டது. நாளைக்கு அவருக்கும் பிள்ளை குட்டி வரும். எங்கட வீட்டில் அவர் இருந்த இரண்டு வருடத்துக்கு எந்தச் சாட்சியும் இல்லை. இந்த மலரிலும் அவருடைய பெயரை நான் எழுத முடியாது.

இது இங்கத்தைய கதை. ஊரில் எங்களுக்கு இன்னும் மோசம். 1981க்குப் பிறகு 2012 வரைக்கும் வடக்கு கிழக்கு முழுவதையும் சேர்த்து ஒரு ஒழுங்கான குடிசன மதிப்பு நடக்கவில்லை. 31 வருடம்! நான் பிறந்ததும் படித்ததும் ஓடியதும் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான்.

என் அம்மப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1950இல் தொடங்கிய தொழிற்சாலை அது. நான் தொழிற்சாலைக்காரன் என்றால் அது அவரிடமிருந்து வந்ததுதான். 1990 ஆனியில் நாங்கள் அந்த ஒழுங்கையை விட்டு ஓடினோம். எனக்கு அப்போது இரண்டு வயது. பிறகு அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயம். 1995 ஐப்பசி 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, உறுதிகளும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் படங்களும் வைத்திருந்த றங்குப்பெட்டி கைதவறிப் போனது. காணி விடுபட்ட பிறகு அம்மா போய்ப் பார்த்தா. வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணறு மட்டும் இருந்ததாம்.

முற்றத்தைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். "அம்மா, சந்தியில இருந்து எங்கட ஒழுங்கைக்குள்ள வாங்கோ. வலக்கைப் பக்கம் முதல் வீடு ஆற்றை?" என்று கேட்டேன். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிச் சொல்லத் தொடங்கினா, நிறுத்தவேயில்லை. நான் 1881 பக்கம் மாதிரியே கோடு போட்டு எழுதினேன். பெயர், முறை, தொழில், பிறந்த ஊர். நாலு ஞாயிறு எடுத்தது. மொத்தம் 17 வீடு. 14 வீட்டுக்கு எல்லாப் பெயரும் வந்தது. மூன்று வீட்டுக்கு அம்மாவுக்குப் பெயர் வரவில்லை. "கிளி வளர்த்த வீடு" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கட வீட்டுக்கு வந்தபோது அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னா. "முன் அறையில ஒருத்தர் வாடகைக்கு இருந்தவர். பதுளைப் பக்கம். ஐயாவோட பக்டரியில வேலை. அம்மாதான் அவருக்குச் சோறு கட்டிக் குடுக்கிறவ. பேர்தான்… பேர் வருகுதில்லையடா."

அந்த வரியையும் எழுதினேன். பெயர் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்தக் கொப்பியின் மற்றப் பக்கத்தில் 2021 பங்குனி 21ஆம் திகதி எங்கள் வீட்டில் இருந்த நான்கு பேருடைய பெயரையும் எழுதினேன். தம்பியின் முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர், வாடகைக்கு இருப்பவர் என்ற முறை. அந்தக் கொப்பி என் அலுமாரிக்குள் இருக்கிறது. ஒரு காலம் வரும், பயமில்லாமல் வெளியே எடுக்கலாம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். வருசத்தன்று கைவிசேடம் வாங்கப் பிள்ளைகள் பெரியவர்களிடம் போவார்கள்தானே. அன்றைக்கே ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போகச் சொல்லுங்கோ. நாட்டின் பெயரை மட்டும் எழுதாமல் ஊர், குறிச்சி, ஒழுங்கை எல்லாம் எழுதுங்கோ. பெண்களின் தகப்பன் பெயரையும் எழுதுங்கோ. பாஸ்போட்டில் பிழையாகப் போன பெயரும் பிறந்த திகதியும் இருந்தால் சரியானதைப் பக்கத்தில் எழுதுங்கோ. வீட்டில் ஒதுங்கி இருந்தவர்களை விட்டுவிடாதேங்கோ. எங்கட அம்மாமாருக்கு வயது போகுது. அவையள் சொல்லக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகள் எண்ணிக்கையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் 1980களில் வேலை செய்தவர்கள் ஆராவது இதை வாசித்தால், பதுளைப் பக்கத்தில் இருந்து வந்து எங்கட ஒழுங்கையில் அறை எடுத்து இருந்தவரின் பெயர் ஞாபகம் இருந்தால், சங்கத்தில் தயவுசெய்து சொல்லி விடுங்கோ. நான் அந்த வரியை நிரப்பவேண்டும்.

எல்லோருக்கும் என் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.